குயவன் நிலமும் சொந்தக் கல்லறையும்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே திருச்சிக் கத்தோலிக்க வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும். அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்றா, சிலுவையில் பெயர் அழிந்துவிட்டதே அதற்குக் கறுப்பு மை யார் பூசுவது, பூமாலைக்கு எவ்வளவு, மெழுகுவர்த்தி எத்தனை பாக்கெட். அன்று சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். குடும்பம் குடும்பமாக நின்று ஜெபமாலை சொல்வோம். எனக்குப் பிடித்த நாள் அது. செத்தவர்களை மறக்காமல் இருப்பது நல்ல பழக்கம்தான்.

ஆனால் இந்த வருஷம் வெள்ளையடிக்கப் போகுமுன், என் வயதை ஒத்தவர்கள் மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை குருத்து ஞாயிறன்று, கையில் ஓலையோடு நின்றுகொண்டே கேட்கிற நீளமான வாசகம் அது. கால்வலியில் பாதி காதில் விழாது. அதில் பிணம் புதைக்கிற இடங்கள் இரண்டு வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வராது.

முதல் இடம் குயவன் நிலம். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைக் கோவிலில் வீசிவிட்டுப் போகிறான். தலைமைக் குருக்களுக்குக் கணக்குச் சிக்கல் வருகிறது. ரத்தத்தின் விலையான காசைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கக் கூடாது. கலந்து பேசி, குயவனுடைய நிலத்தை வாங்கி, அந்நியர்களைப் புதைக்க ஒதுக்குகிறார்கள். பக்திமான்கள். சட்டம் மீறவில்லை. அந்நியனுக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள், தங்களுக்குப் பக்கத்தில் இல்லாமல்.

இரண்டாவது இடம் அரிமத்தியா ஊர் யோசேப்பின் கல்லறை. அவர் பணக்காரர். பாறையில் வெட்டிய புதுக் கல்லறை, தமக்கென்று வெட்டி வைத்தது. அதில் யாரை வைத்தார்? சொந்தக்காரரை அல்ல. அரசாங்கம் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிச் சிலுவையில் அறைந்த ஒருவரை. தொட்டாலே தீட்டு என்று ஊர் ஒதுங்கிய உடலைத் தாமே கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, தமக்குரிய இடத்தில் கிடத்தினார்.

ஆக, நற்செய்தியில் தனியாக ஒதுக்கிய கல்லறை நிலம் என்று ஒன்று உண்டென்றால் அது யூதாசின் காசில் வாங்கியது. உயிர்ப்பு நடந்த கல்லறையோ, ஒரு மனிதர் சாதி சனம் பார்க்காமல் விட்டுக்கொடுத்தது. இதை நான் சொல்லவில்லை, மத்தேயு எழுதி வைத்திருக்கிறார்.

எங்கே வருகிறேன் என்று திருச்சிக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மறைமாவட்டம், ஒரே ஞானஸ்நானம், ஒரே நன்மை. ஆனால் பிணம் போனால் சுவருக்கு ஒரு பக்கம் உயர்ந்த சாதி என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறவர்கள், மறுபக்கம் தலித்துகள். எத்தனையோ பத்தாண்டுகள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் திருச்சிக் கத்தோலிக்கம் கல்லறைத் திருநாள் கொண்டாடியது. ஊரில் கல்லூரி நடத்தினோம், மருத்துவமனை நடத்தினோம், சகாய மாதா கோவில் கோபுரத்தையும் லூர்து மாதா கோவில் கோபுரத்தையும் வெளியூரார் அண்ணாந்து பார்த்தார்கள். மேலப்புதூர்ச் சுவரை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

2010இல் அந்தச் சுவரை இடிக்கச் சிலர் வந்தார்கள். ஒரு பகுதியை உடைக்கவும் செய்தார்கள். யார் அவர்கள்? பங்குப் பேரவையா, மரியாயின் சேனையா, அன்பியமா? இல்லை. பெரியார் திராவிடர் கழகத்தார். கடவுள் இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள். போலீஸ் வந்து அவர்களைப் பிடித்துப் போனது. அப்போது நம்மவர்களில் பலருக்கு ரோஷம் வந்தது: நாத்திகனுக்கு நம் கல்லறையில் என்ன வேலை?

இந்தக் கேள்விக்கும் பதில் மத்தேயுவில் இருக்கிறது, 21ஆம் அதிகாரம். ஒரு அப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய்யச் சொன்னார். ஒருவன் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன், இதோ போகிறேன் ஐயா என்று பவ்யமாகச் சொன்னான், போகவில்லை. அப்பனின் விருப்பத்தை நிறைவேற்றியது யார் என்று இயேசு கேட்டார். கேட்கப்பட்டவர்கள் கோவில் பெரியவர்கள். பதில் அவர்கள் வாயாலேயே வந்தது. முடியாது என்று சொன்ன பிள்ளை கடப்பாரையோடு தோட்டத்துக்கு வந்தான். இதோ போகிறேன் என்று தினமும் காலையிலும் மாலையிலும் சொல்கிற பிள்ளைகள் நாம், சுவருக்குக் காவல் நின்றோம்.

இது ஏதோ நேற்று வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1745 அக்டோபரில் நடந்தது. எழுதி வைத்தவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில். அவர் கிறிஸ்தவர் அல்ல, ஆகவே நம் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. புதுச்சேரிச் சம்பா கோவிலுக்குள் வடபுறம் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் சட்டைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த பக்கத்தில் நின்றவர்களிடம் இது என்ன நியாயம் என்று கிளப்பிவிட்டார். அவர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய சாமியாரைக் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, ஆண்டவர் எங்களைத் தள்ளி வைத்தாரா, நீங்கள் ஏன் வைத்தீர்கள்? அவரால் பதில் சொல்ல முடியவில்லை. உடனே சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார்.

அதோடு முடிந்ததா? சாதிக்காரர்கள் கொதித்தார்கள், கூட்டம் போட்டார்கள், விஷயம் கவர்னர் வரை போனது. இன்றைக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் பழசாகவில்லை. காரைக்கால்காரன் என்பதில் நான் பெருமைப்படுகிற விஷயங்கள் அதிகம் இல்லை, பெயர் தெரியாத அந்தச் சாமியாரை எண்ணிப் பெருமைப்படுகிறேன்.

அந்தச் சண்டைக்கு முன்பே ரோமாபுரியிலும் இது பேசப்பட்டாயிற்று. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த கர்தினால் தெ தூர்னோன் 1704இல் போட்ட கட்டளைகளில் ஒன்று, சாகக் கிடக்கிற பறையருக்கு அவருடைய குடிசைக்கே போய்க் குரு அவஸ்தை பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது. எவ்வளவு சாதாரணமான விஷயம். குரு நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கே நாற்பது வருஷம் கடிதப் போர் நடந்தது. வீட்டுக்குள் போனால் மற்ற சாதியார் குருவைச் சேர்க்க மாட்டார்கள் என்பது வாதம். கடைசியில் 1744இல் 14ஆம் பெனடிக்ட் பாப்பரசர் கட்டளையை உறுதி செய்தபோதும், அவர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி விட்டார்கள். நற்செய்தி கதவைத் தட்டினால் நாம் கதவைத் திறப்பதில்லை, பக்கத்தில் இன்னொரு கதவு வைத்துக் கொடுப்போம்.

தெற்கே வடக்கன்குளத்தில் கதவல்ல, கோவிலே இரண்டாகப் பிரிந்திருந்தது. 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோவில், கால்சட்டை போல இரண்டு கால். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்றவர்கள், நடுவில் சுவர். இரண்டும் சேருமிடத்தில் பீடம். அந்த ஊர் அன்று நம் திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது 1923இல்தான். 1910, 11 வாக்கில் கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர், சேசு சபை. சாதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற வழக்கு, 1917ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. கோவிலுக்குள் சாதிக்குத் தனி இடம் கேட்கிற உரிமையை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைக்கார ஆட்சியில், சட்டப் புத்தகத்தைப் பார்த்து நீதிபதிகள் சொன்னது இது. நற்செய்திப் புத்தகத்தை முத்தமிடுகிற நமக்கு அதற்கப்புறமும் மேலப்புதூரில் ஒரு சுவர் தேவைப்பட்டது.

இனி, இதைப் பேசினால் வருகிற பதில்களுக்கு வருகிறேன். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசும்போது நான் கேட்டவை. ஒவ்வொன்றையும் மரியாதையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை.

முதல் பதில்: அது பெரியவர்கள் காலத்து வழக்கம், நாமா கட்டினோம்? மாற்கு 7ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கை கழுவுவது, செம்பு கழுவுவது என்று பெரியவர்களின் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடவுளின் கட்டளையைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று இயேசு பரிசேயரைக் கண்டிக்கிறார். அவர்களும் அந்த வழக்கத்தைக் கட்டியவர்கள் இல்லை, காப்பாற்றியவர்கள். நாம் கட்டவில்லை என்பது உண்மை. யாராவது தொட வந்தால் தடுக்கிறோமே, அது யார் வேலை?

இரண்டாவது பதில்: அது எங்கள் குடும்பக் கல்லறை, பாட்டன் பூட்டன் படுத்திருக்கிற இடம். அரிமத்தியா யோசேப்பின் கல்லறையும் குடும்பக் கல்லறைதான். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது பதில்: தனித்தனியாக இருந்தால் சண்டை இல்லை, அமைதியாக இருக்கிறது. லூக்கா 16இல் வருகிற பணக்காரனுக்கும் லாசருக்கும் இடையில் கூட எந்தச் சண்டையும் இல்லை. பணக்காரன் லாசரை அடித்ததாக எழுதவில்லை, வாசலைவிட்டு விரட்டியதாகவும் இல்லை. உள்ளே அவன் சாப்பிட்டான், வெளியே இவன் கிடந்தான். ரொம்ப அமைதி. செத்த பிறகுதான் நடுவில் ஒரு பெரிய பிளவு இருப்பது தெரிந்தது, யாராலும் தாண்ட முடியாத பிளவு. அதை வெட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? உயிரோடிருந்தபோது வீட்டு வாசலில் கொஞ்சம் கொஞ்சமாக அவனே வெட்டியது. தண்ணீர் நனைத்த விரல் நுனிக்காக அவன் கெஞ்சியபோது, அதே பிளவு அவனுக்கே குறுக்கே நின்றது.

அமைதி என்கிறவர்களுக்கு ஏறையூரையும் நினைவூட்டுகிறேன். விழுப்புரம் பக்கம், 2008 மார்ச். இரு பக்கமும் கத்தோலிக்கர். தலித்துகள் தங்களுக்கென்று ஒரு பங்கு கேட்ட சண்டை கலவரமாகி, போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். தவக்காலத்தில் நடந்தது அது. நம் மாவட்டத்திலேயே கோட்டப்பாளையத்துத் தலித் கிறிஸ்தவர்கள், திருவிழாவிலும் கோவில் காரியங்களிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஆண்டவரின் பந்தியில் இடம் கேட்டு மனிதன் டெல்லிக்குப் போக வேண்டியிருந்தால், அந்த ஊரில் இருந்தது அமைதியா?

நான்காவது பதில்தான் எனக்கு வேடிக்கை: நம் சபையில் இப்போது சாதி எங்கே இருக்கிறது, அதெல்லாம் அந்தக் காலம். நான் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே ஒரு கோப்பைக் காட்டுகிறேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆதி திராவிடர் ஒருவர் ஞானஸ்நானம் வாங்கினால் தமிழ்நாட்டில் அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் சான்றிதழ். இது அநியாயம் என்று ஆகஸ்ட் 10ஆம் தேதியைக் கறுப்பு நாளாக வைத்து ஆயர்களும் குருக்களும் ஊர்வலம் போகிறார்கள். நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கோரிக்கைக்கு ஆதாரம் என்ன? மதம் மாறினாலும் சாதிக் கொடுமை போகவில்லை என்பதுதான் ஆதாரம். அதாவது மேலப்புதூர்ச் சுவர்தான் நம் மனுவுக்கு இணைப்பு. அரசாங்கத்திடம் போய் எங்களுக்குள் சாதி இருக்கிறது, சலுகை கொடு என்கிறோம். கோவில் வாசலில் நின்று எங்களுக்குள் சாதி இல்லை, சும்மா இரு என்கிறோம். ஒரே கையெழுத்தில் இரண்டு மனு போட்டால் எந்த அலுவலகத்திலும் விளக்கம் கேட்பார்கள்.

சபைத் தலைவர்கள் இதை மறைக்கவும் இல்லை. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் நேராகவே சொல்லி அனுப்பினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டிலுள்ள கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அதே அறிக்கை சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் சபை. இந்தப் பக்கம் இருக்கிற நாம் சிறுபான்மை.

ஐந்தாவது பதில், கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: இதெல்லாம் சமூகப் பிரச்சினை, அரசியல். எனக்கு விசுவாசம் முக்கியம், நான் தினமும் நற்செய்தி வாசிக்கிறேன், தியானம் செய்கிறேன். இவர்களோடுதான் என் உண்மையான சண்டை. பரிசேயரிடமும் இயேசுவுக்கு இதே சண்டைதான். மத்தேயு 5இல் அவர் சொல்வது என்ன? காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறாய், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் சமாதானம் செய், அப்புறம் வா. கவனியுங்கள், உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால். நான் யாரையும் வெறுக்கவில்லையே என்பது இங்கே செல்லாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வா என்கிறார். அப்படிப் பார்த்தால் நம்மில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை பாதிப் பூசையில் எழுந்து போக வேண்டியிருக்கும்?

தினசரி விசுவாசம் என்பது என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் ஒரு பிரெஞ்சுச் சொல்லில் இருக்கிறது. பள்ளியில் எங்களுக்கு ஞானோபதேசமும் பிரெஞ்சில்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிரெஞ்சில் ‘வுவாஸேன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் நற்செய்தியில் நேசிக்கச் சொல்லியிருக்கிற ஆளுக்கு அந்தச் சொல்லைப் போடவில்லை, ‘ப்ரோஷேன்’ என்று போட்டிருக்கிறார்கள். நெருங்கியவன், அடுத்து வருகிறவன். அடுத்த பஸ், அடுத்த வாரம் என்பதற்கும் அதே சொல்தான். தமிழில் நாம் பிறன் என்றோம், அயலான் என்றோம். சொல்லிலேயே ஒரு எட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டோம். நல்ல சமாரியன் கதையின் முடிவில் இயேசு கேள்வியையே திருப்பிப் போடுகிறார். எனக்கு அயலான் யார் என்று சட்ட வல்லுநர் கேட்டார். அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலான் ஆனது யார் என்று இயேசு கேட்டார். அயலான் என்பவன் ஏற்கெனவே எங்கோ இருக்கிற ஆள் இல்லை, நாம் கிட்டே போனால்தான் ஆகிறவன். குருவும் லேவியனும் விலகிப் போனார்கள். தொட்டால் தீட்டு என்ற பயம் அவர்களுக்கு. சமாரியன் கிட்டே போனான். அந்தக் கதையில் பக்தியாளர்களுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நாலு அடி தூரம்தான்.

நான் இப்போது இருப்பது கைலாசபுரத்தில். பெல் நிறுவனம் கட்டிக் கொடுத்த ஊர். எந்தெந்தச் சீமையிலிருந்தோ வந்தவர்களுக்கு வேலையையும் வரிசையையும் பார்த்து வீடு ஒதுக்கினார்கள். இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இரு வீட்டுக்கும் பொதுச் சுவர். அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் காரை உதிரும். ஒருவர் வீட்டுக் குழந்தை அழுதால் மற்றவர் வீட்டில் தூக்கம் கெடும். ஐம்பது அறுபது வருஷமாக இப்படி இருந்து யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு பொதுத்துறைக் கம்பெனியின் ஒதுக்கீட்டுப் பட்டியல் செய்ததை நம் ஞானஸ்நானப் பதிவேடு செய்யவில்லை. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முப்பது வருஷம் பொதுச் சுவரோடு வாழ்ந்தவர்கள், பெண்ணுக்கு வரன் தேடும்போதும் பிணத்துக்குக் குழி தேடும்போதும் சொந்த ஊருக்கும் சொந்தச் சாதிக்கும் போய்விடுகிறார்கள். திருமண விளம்பரத்தில் ‘ஆர்.சி.’ என்று போட்டு அதற்குப் பக்கத்திலேயே சாதியும் போடுகிறோம். சம்பந்தத்திலும் சாவிலும் நிற்காத விசுவாசம் இடையில் எத்தனை ஜெபமாலை சொன்னாலும் எதற்கு?

புதுமையாக நான் எதுவும் கேட்கவில்லை. சபைச் சட்டத்தின் 208ஆம் பிரிவே விசுவாசிகள் எல்லாரும் மாண்பில் சமம் என்கிறது. பங்குப் பேரவையில் நம் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போடத் தீர்மானம் எழுதத் தெரிந்த நமக்கு, கல்லறைத் தோட்டத்தில் இனி இறப்புத் தேதி வரிசைப்படியே குழி என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? சாமியார்களையும் ஆயரையும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். சாதிக்காரர் கோபத்துக்குப் பயந்து அவர்கள் தயங்குகிறார்கள் என்று குறை சொல்கிறோமே, அந்தச் சாதிக்காரர் யார்? நாம்தான். நாம் கோபிக்க மாட்டோம் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன தயக்கம்?

இதற்கு ஒரு வழி சொல்கிறேன், எழுத்தர் புத்தியில் தோன்றியது. ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பிள்ளைகள் பெயருக்கு எழுதுங்கள். நான் இறந்தால் என் உடலை, தோட்டத்தில் அடுத்து எந்தக் குழி காலியாக இருக்கிறதோ அதில் இறக்கவும். எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டாம். இரு பக்கமும் படுத்திருப்பவர் யார் என்று விசாரிக்க வேண்டாம். குடும்பக் கல்லறையில் எனக்கென்று இடம் இருந்தால் அதை, இடமில்லாத யாருக்காவது, சாதி கேட்காமல் கொடுக்கவும். கீழே தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். இரண்டு நகல். ஒன்று பங்குச்சாமி கையில், ஒன்று வீட்டுப் பீரோவில் ரேஷன் கார்டோடு.

பத்து பேர் இப்படிக் கொடுத்தால் ஒரு பங்கில் பேச்சு வரும். நூறு பேர் கொடுத்தால் சுவருக்கு எந்தப் பக்கமும் ஆள் இருக்காது, சுவர் எதைப் பிரிக்கும்? எழுபதைத் தாண்டிய நம்மிடம் ஊர் இனிமேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்காது. செத்த பிறகாவது ஒரு நற்செய்தி வாசகத்தின்படி நடக்க நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. என் தாளை எழுதிக் கொடுத்துவிட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.